9 மணி நேரம் ஓடுற ஜிடி கார்: கேளுங்க, பதில் சொல்றேன்

வணக்கம். டர்பன்லருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல இருக்குற கியாலாமி ரேஸ் டிராக்குக்கு, 9 மணி நேர ரேஸ்ல பிட் வேலைக்கு (ரேஸ் நடுவுல கார நிறுத்தி சரி பண்ற வேலை) போய்ட்டு வர்றவன் நான். வந்த கேள்விக்கெல்லாம் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

சாட்ஸ்வொர்த் தம்பி: அண்ணா, இன்ஜின் பவர ஏத்துனா ஜெயிச்சிரலாம்ல?

ஏத்த விடமாட்டாங்க தம்பி. ஜிடி3ல (ரோட்டுல ஓடுற ஸ்போர்ட்ஸ் கார ரேஸுக்கு மாத்தி ஓட்டுற பிரிவு) பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்னு ஒரு ரூல், எந்தக் கார் ஓவரா ஓடுதோ அதுக்கு எடைய கூட்டுவாங்க இல்ல பவர குறைப்பாங்க. அதனால லாபம் எல்லாம் வேற எடத்துல, டயர தின்னக்கூடாது, மூணு டிரைவருக்கும் பழகுன காரா இருக்கணும், அடிபட்டா சட்டுனு மாத்தணும். 2023ல ஓட ஆரம்பிச்ச போர்ஷே 911 ஜிடி3 ஆர் பாரு, இன்ஜின 4.2 லிட்டர் ஆக்குனாங்க, ஆனா அது உச்ச பவருக்காக மட்டும் இல்ல, கீழ் ஆர்பிஎம்லயே இழுவை நல்லா கெடைக்கணும்னு. வீல்பேஸ, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரத்த, 48 மில்லிமீட்டர் நீட்டுனதால பின் டயர் மேல சுமை குறைஞ்சுது. இன்ஜின 5.5 டிகிரி சாய்ச்சு வெச்சாங்க, அடியில டிஃப்யூசருக்கு (காருக்கு அடியில போற காத்த பின்னாடி விட்டு கார தரையோட அழுத்துற பாகம்) எடம் வேணும்னு. எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை அந்த சாய்வு தான்.

பீனிக்ஸ் அக்கா: கியாலாமி உயரத்துல இருக்கே, அது பாதிக்குமா?

நல்லா பாதிக்கும்க்கா. 1500 மீட்டருக்கு மேல, நம்ம டர்பன் கடற்கரையோட பாத்தா காத்து அடர்த்தி 15 சதவீதம் கிட்ட கம்மி. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அப்படியே மூச்சு வாங்கும், டர்போ கார் ஓரளவு சமாளிச்சிரும். கார கீழ அழுத்துற விசையும் குறையுது, ஆனா காத்து இழுவையும் சேந்து குறையுறதால விங்க கூட நிமித்தி வெக்கலாம். கூலிங் தான் பெரிய தலைவலி.

அதுக்கு ஒன்னு சொல்றேன். ஒரு வருஷம் எங்க காரு புல்லுக்குள்ள இறங்கி ஏறி வந்துச்சு, ரெண்டு லேப்ல தண்ணி சூடு கடகடன்னு ஏறுது, காரோட முன் மூக்க கழட்டிப் பாத்தா வெட்டிப் போட்ட புல்லு ரேடியேட்டர் மேல சுவத்துல வறட்டி தட்டுன மாதிரி அப்பிக் கெடக்கு. கையாலயே பிச்சோம், க்ளவுஸ தாண்டி விரல் சுட்டுச்சு. புல்ல எடுத்தத விட போல்ட் கழட்டுனதுக்கு தான் நேரம் போச்சு. அடுத்த வருஷம் ஒரே இழுப்புல வர்ற வலை ஒன்னு முன்னாடி மாட்டுனோம், மூக்குக்கும் கால் திருப்புல கழலுற லாக் போட்டோம்.

மாரிட்ஸ்பர்க் வாசகர்: பிரேக் 9 மணி நேரம் தாங்குமா?

ஜிடி3ல கார்பன் டிஸ்க் கெடையாது, இரும்பு தான். பிரேக் பேட கொஞ்சம் மெதுவா தேயுறதா எடுத்து, டிஸ்க்குக்கு காத்துக் குழாய ஒழுங்கா விட்டா தாங்கும். ஆனா கியாலாமி டிராக்ல மைன்ஷாஃப்ட்னு சொல்ற இறக்கத்துக்கு அப்புறம் பெடல் லேசா இறங்குதுன்னு டிரைவர் சொன்னா அடுத்த பிட்லயே பாத்துருவோம்.

டொங்காட் தம்பி: என் போலோவ டிராக் டேக்கு கொண்டு போறேன், மொதல்ல என்ன மாத்தணும்?

பிரேக் ஃப்ளூயிட். புது டாட் 4 (பிரேக் ஃப்ளூயிட்ல ஒரு தரம்) குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் குடிச்சுதுன்னா 155க்கு எறங்கிரும், கொதிச்சா பெடல் தரையோட போயிரும்பா. கடலோர ஊரு நம்மது, ரெண்டு வருஷமா மாத்தலேன்னா இந்த வாரமே மாத்திரு, பிரேக் குழாய்ல ஏர் இல்லாம ப்ளீட் பண்ண (உள்ள இருக்குற காத்த வெளிய எடுக்க) சொல்லு, எக்ஸாஸ்ட், ஸ்டிக்கரெல்லாம் அப்புறம்.