டர்போ காரில் புளோ-ஆஃப் வால்வு மாற்றியதும் ஐடிலிங் தடுமாறுவது ஏன்?

பெரிய இன்டர்கூலரும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தக் காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வும் போட்ட பிறகு, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, பிரேக் பிடித்து நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் அந்த வால்வு மேல்தான்.

உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில், அதைத் தாண்டிய காற்று முழுவதையும் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணக்கில் எடுத்து அதற்கேற்ப பெட்ரோல் விடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் வால்வு அந்தக் காற்றை வெளியே துப்பிவிடுகிறது. பெட்ரோல் மட்டும் மிஞ்சி, கலவை ரிச் ஆகி இன்ஜின் திணறுகிறது. காற்றை இன்டேக்குக்கே திருப்பும் பழைய வால்வை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அந்த 'புஸ்' சத்தம் போய்விடும், என்ன செய்வது!

அப்படியும் சரியாகவில்லையா? எங்கோ காற்று கசியலாம். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம், அதாவது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலில் +10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் பெரும்பாலும் வேக்குவம் கசிவுதான், அதாவது சென்சார் அளக்காத காற்று உள்ளே நுழைகிறது. இன்டர்கூலர் குழாய் கிளாம்புகள், வால்வுக்குப் போகும் மெல்லிய ஹோஸ் ஆகியவற்றில் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவை, குழாய்க்குள் புகை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் காட்டிவிடும். கார்ப் கிளீனர் ஸ்பிரேயை அடித்துக் கசிவைத் தேடும் பழைய வித்தை மட்டும் வேண்டாம். சூடான டர்போ பக்கத்தில் அது தீப்பிடிக்கும்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் மாற்றியிருந்தால் கதை வேறு, இசியுவை மறுபடி டியூன் செய்தே ஆகவேண்டும்.