ஆம்பியன்ட் இசையைப் புதிதாகக் கேட்க எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?

ஜப்பானிய இசையமைப்பாளர் ஹிரோஷி யோஷிமுராவின் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்', 1982. யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். பலரும் பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தைச் சொல்வார்கள். அறையின் பின்னணியில் மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும் இந்த இசைக்கு முன்னோடி அவர்தான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இந்த வகை இசையே பழக்கமில்லாத காதுக்கு யோஷிமுரா சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்.

ஒரு ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ, ஒரு கீபோர்டு. இவ்வளவுதான் கருவிகள். வீட்டிலேயே பதிவு செய்தார். டோக்கியோவின் ஷினகவா பகுதியில் ஹாரா என்றொரு நவீன கலை அருங்காட்சியகம் இருந்தது. 1938-ல் குடியிருக்கக் கட்டிய மாளிகை, 1979-ல் அருங்காட்சியகமானது. அந்தக் கட்டடத்துக்குள் ஒலிக்கட்டும் என்று டேப்பைக் கொடுத்தார். கலைப்படைப்புகளைப் பார்க்க வந்தவர்கள் "இது யாருடைய இசை?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகுதான் இசையமைப்பாளர் சதோஷி அஷிகாவா தன்னுடைய சின்ன நிறுவனமான சவுண்ட் பிராசஸ் மூலம், 'வேவ் நோட்டேஷன்' வரிசையின் முதல் இசைத்தட்டாக இதை வெளியிட்டார். மறு வருடமே அஷிகாவா விபத்தில் இறந்துபோனார். வரிசையும் மூன்று தட்டுகளோடு நின்றுவிட்டது.

ஜப்பானுக்கு வெளியே இது முறையாக வந்தது 2017-ல், எம்பயர் ஆஃப் சைன்ஸ் நிறுவனத்தின் மறுவெளியீடாக. யோஷிமுரா 2003-லேயே காலமாகிவிட்டார். இந்த மறுவெளியீடு வருவதற்குள் அவருடைய 'கிரீன்' (1986) ஆல்பம் யூடியூப் பரிந்துரைகளில் ஏறி உலகம் முழுக்கப் பரவியிருந்தது. எனக்கும் அவர் அப்படித்தான் அறிமுகம். இதை வைத்து "யாரும் சீண்டாத கலைஞரை யூடியூப் கண்டெடுத்தது" என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. டோக்கியோ சுரங்க ரயிலின் நம்போகு தடத்துக்கு, நிலையங்களில் ஒலிக்கும் ஒலிக்குறிகள் அமைத்துக் கொடுத்தவர் அவர். யாரென்று தெரியாமலேயே அவரைக் கேட்டுப் பழகிய பயணிகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இந்த ஆல்பத்துக்கு முதல் வரவேற்பு கொடுத்ததும் அந்த அருங்காட்சியகத்தில் நின்று விசாரித்தவர்கள்தானே!

இந்த ஆல்பத்தில் 'பிளிங்க்' என்ற பாடலை முதலில் கேளுங்கள். சில சுரங்கள் மட்டுமே கொண்ட ஒரு சின்னத் துணுக்கு வரும், ஒரு இடைவெளி விழும், மறுபடி அதே துணுக்கு வரும். தாளம் கிடையாது, உச்சம் கிடையாது. ஒவ்வொரு சுரமும் முழுக்க அடங்கும்வரை அடுத்ததற்கு அவசரப்படுவதில்லை. மேகம், மழை, ஊரில் விழும் பனி என்று ஜன்னல் வழியே தெரிபவைதான் பல பாடல்களுக்கும் பொருள். ஆனாலும் மழைச் சத்தத்தையோ பறவைக் குரலையோ பதிவு செய்து ஒட்டவில்லை, எல்லாம் பியானோ விரல்களிலேயே வந்துவிடுகிறது. 'கிரீன்' ஆல்பத்துக்கு அமெரிக்காவில் வந்த பதிப்பில் நீரோசையும் பறவையொலியும் சேர்த்திருந்தார்கள். என் காதுக்கு அது தேவையே இல்லாத சேர்க்கை. நல்லவேளை, 2020 மறுவெளியீட்டில் அவை இல்லாத மூலப் பதிவே வந்தது.

ஹெட்போன் வேண்டாம். ஸ்பீக்கரில், பக்கத்து அறைப் பேச்சு காதில் விழும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பிடித்துப்போனால் அடுத்து அதே வரிசையில் இரண்டாவதாக வந்த, அஷிகாவாவே இசையமைத்த 'ஸ்டில் வே' கேளுங்கள்.