சூடாகும் கைப்பிடி பூட்டியபின் பற்றரி இறங்குகிறதா?

வணக்கம் சகோதரம். கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய, மின்னில் சூடாகும் கைப்பிடியை மாங்குளத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டினீர்கள், நுவரெலியாவில் ஓரிரவு விட்டால் விடிய ஸ்டார்ட் வராது என்று எழுதியிருந்தீர்கள். வயரை நேரே பற்றரியில் கொடுத்திருப்பார்கள் போல. திறப்பை எடுத்தபிறகும் கைப்பிடி சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சூடானால் அதுதான் காரணம். இந்தச் சோடி 3, 4 அம்பியர் இழுக்கும். 125 சிசி வண்டியின் சின்னப் பற்றரி இரண்டு மணித்தியாலம்கூடத் தாங்காது. திறப்புப் போட்டால் மட்டும் மின் வருகிற வயரால் இயங்கும் றிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றும், கைப்பிடி வந்த பெட்டியில் சொன்ன அளவு பியூஸைப் பற்றரிக்குக் கிட்டவும் போடுவியுங்கள்.

பிறகு லைற், கைப்பிடி இரண்டையும் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி, பற்றரியில் வோல்ற் மீற்றர் வையுங்கள். 13.5 வோல்ற்றுக்கு மேல் நின்றால் சரி. 12.6க்குக் கீழே இறங்கினால் வண்டி அந்தச் சுமையைத் தாங்கவில்லை; குறைந்த சூட்டில் மட்டும் பாவியுங்கள்.

இதைக் கட்டாயம் பாருங்கள்: ஹாண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அக்சிலேற்றரை முறுக்கி விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். எனக்கு ஒருமுறை வலப்பக்க வயர் இறுகி, விட்ட அக்சிலேற்றர் பாதியில் நின்றுவிட்டது. மலைப் பாதையில் அது உயிராபத்து.