ஒரு குடும்பத்துக்கு 6 மாதத்துக்கான அவசர கால உணவை வீட்டில் எப்படிச் சேமித்து வைப்பது?

நீங்கள் தரைத்தளமா, மாடியா என்று சொல்லவில்லை. தரைத்தளம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பட்டது அங்கேதான்.

2015 டிசம்பர் 1, சென்னைப் புறநகரில் முடிச்சூர். அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்த ராத்திரி. வீட்டில் அரிசிக்குப் பஞ்சமே இல்லை. ஊரிலிருந்து வந்த புழுங்கல் அரிசி 75 கிலோ, இரண்டு டிரம்மில். வண்டு வரக்கூடாது என்று மாமியார் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டிருந்தார். ஒரு வண்டுகூட வரவில்லை. தண்ணீர்தான் வந்தது, இடுப்பளவுக்கு. கேஸ் சிலிண்டர் டியூப்பை இழுத்துக்கொண்டு அடுப்படியில் மிதந்தது.

மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் ஐந்து பேர், இரண்டு நாள். சாப்பிட்டது என்ன தெரியுமா? முந்தின வாரம் கார்த்திகைக்கு வாங்கி, மீந்துபோய்ப் பரணில் கிடந்த பொரியும் வெல்லமும். குடிக்க அரை கேன் தண்ணீர். என் பையன் பொரியை எண்ணி எண்ணித் தின்றான்.

வடிந்தபிறகு பார்த்தால் அரிசி ஊறி உப்பி டிரம் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. புளித்த வாடை. அதை அள்ளித் தெருவில் கொட்டும்போது மாமியார் அழுதார். பிரிட்ஜ் போனதற்கு அவர் அழவில்லை.

அதனால் 6 மாதக் கணக்கை அப்புறம் போடுங்கள். முதலில் அடுப்பும் கரண்டும் இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட வழி பாருங்கள். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை, பால் பவுடர், ஊறுகாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டராவது தண்ணீர். எல்லாம் பரணில். அரிசி பருப்பை மாதாமாதம் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கிச் சேருங்கள். டப்பாவில் மாதத்தை எழுதி ஒட்டி, பழையதை முதலில் எடுங்கள். கம்பு மாவு, எண்ணெய் இரண்டையும் நிறைய வாங்கிவிடாதீர்கள், சிக்கு வாடை அடித்துவிடும்.

இதைப் 'பதுக்கல்' என்று சொல்ல யாராவது வருவார்கள். ஊர் நன்றாக இருக்கும்போது இரண்டு கிலோ கூடுதலாக வாங்குவதால் யார் வீட்டு உலையும் நிற்காது. புயல் அறிவித்த அன்று கடைக்கு ஓடி, இருக்கிற பால் பாக்கெட்டை எல்லாம் வாரிக்கொண்டு வருகிறார்களே, அவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ரோடு போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலே மேலேயே போடுகிறார்கள். வீடு கட்டியபோது வாசலுக்கு இரண்டு படி ஏறினோம். இப்போது ஒரு படி இறங்குகிறோம். மனு கொடுத்து அலுத்துவிட்டேன். பரணை மட்டும் இன்னும் ஒரு அடி உயர்த்திக் கட்டினேன்.