பதில்: சிட்ரோனெல்லா தடவியும் கொசு கடிக்கிறது
சிட்ரோனெல்லா எண்ணெய் தடவி அரை மணி நேரத்திலேயே கொசு மறுபடி கடிக்கிறது, இரண்டு வயதுக் குழந்தைக்கும் இதையே தடவலாமா என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெய் போலி என்று நினைக்க வேண்டாம். அதிலுள்ள சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்ற வாசனைப் பொருட்கள் எல்லாம் சட்டென்று ஆவியாகிவிடும். கொசுவை விரட்டுவதே அந்த ஆவிதான். அது தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது.

உங்களுக்கு பிஎம்டி (PMD) என்ற கொசுவிரட்டிப் பொருள் உள்ள பூச்சு வாங்குங்கள், சில மணி நேரம் நிற்கும். எலுமிச்சை வாசனை யூகலிப்டஸிலிருந்து எடுப்பது. லேபிளைப் பார்த்து வாங்குங்கள். அதே மரத்தின் வெறும் வாசனை எண்ணெயில் பிஎம்டி மிகக் குறைவு.

குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம். பிஎம்டி 3 வயதுக்கு மேல்தான். சிட்ரோனெல்லா எண்ணெய் பிஞ்சுத் தோலில் எரிச்சல் தரலாம். முழுக்கைச் சட்டை, கொசுவலை போதும். பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும்.