ஒற்றை நுழைவு விசாவோடு கப்பல் ஏறலாமா?

கேள்வி: நான் கோவையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். நானும் மனைவியும், அமெரிக்காவில் இருக்கும் மகளோடு சேர்ந்து கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் ஏழு நாள் கப்பல் பயணம் போகிறோம். எங்கள் இருவருக்கும் விமான டிக்கெட், கப்பல், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து உள்ளூர் டிராவல்ஸ் ஒன்றில் பேக்கேஜாக எடுத்து, ரூ.6,40,000 கட்டியாகிவிட்டது. கப்பல் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்தில் கிளம்பி மைகோனோஸ், அடுத்து துருக்கியின் குஷாதாசி, பிறகு ரோட்ஸ், சாண்டோரினி என்று சுற்றி மறுபடி பிரேயஸ் வருகிறது. போன வாரம் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஷெங்கன் விசா (கிரேக்கம் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா; துருக்கி அதில் இல்லை) ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் '01' என்று இருப்பதை மகள்தான் கவனித்துச் சொன்னாள். டிராவல்ஸில் போன் செய்து கேட்டால், "கப்பல் அங்கே சில மணி நேரம்தான் நிற்கும், கப்பல் பயணிகளுக்குத் துருக்கி விசாவே வேண்டாம், பயமாக இருந்தால் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுங்கள்" என்கிறார்கள். கிளம்ப இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. எங்களைக் கப்பலில் ஏற்றாவிட்டால் பணத்தை யாரிடம் கேட்பது?

பதில்: இந்த விசாவை வைத்துக்கொண்டு இந்தக் கப்பலில் நீங்கள் போக முடியாது. பணத்தை யாரிடம் கேட்பது என்பதற்கு அப்புறம் வருகிறேன். ஏழு வாரம் கையில் இருக்கும்போது அதைவிட அவசரமான வேலை இருக்கிறது.

உங்கள் ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் கேட்பதற்குச் சரியாகப் படுகிறது. கப்பலில் வந்து துறைமுக நகரத்தையும் பக்கத்து மாகாணங்களையும் சுற்றிப் பார்க்கும் வெளிநாட்டவருக்கு 72 மணி நேரம் வரை விசா தேவையில்லை என்று துருக்கி சலுகை வைத்திருக்கிறது. குஷாதாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எபேசஸ் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு சாயங்காலம் கப்பலுக்குத் திரும்புகிறவர்களுக்கு அது போதும். (கப்பல் கம்பெனி தன் பங்குக்கு விசா கேட்கிறதா என்று மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆனால் உங்களுக்குச் சிக்கல் துருக்கிக்குள் போவதில் இல்லை. கிரேக்கத்துக்குத் திரும்பி வருவதில் இருக்கிறது.

ஏதென்ஸ் விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனையைத் தாண்டியதுமே உங்களுக்குக் கொடுத்த ஒரே நுழைவு தீர்ந்துவிடும். அதன்பின் மைகோனோஸ் போனாலும் சரி, இத்தாலிக்கே போனாலும் சரி, ஷெங்கன் எல்லைக்குள் இருக்கும்வரை எந்தக் கணக்கும் ஏறாது. கப்பல் குஷாதாசிக்குக் கிளம்பும்போது நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். அடுத்து ரோட்ஸில் கால் வைப்பது இரண்டாவது நுழைவு. விசாவில் நாட்கள் மிச்சம் இருக்கும், நுழைவு மிச்சம் இருக்காது. கப்பலிலேயே உட்கார்ந்திருந்தால் தப்பிக்கலாம் என்பதும் வீண் யோசனை. எல்லையைத் தாண்டிப் போய் வருவது கப்பல். அது துருக்கித் துறைமுகத்திலிருந்து வருகிறது என்றால் உள்ளே இருப்பவர்களும் அங்கிருந்துதான் வருகிறார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாமல் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்தவர்கள் முன்பு உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய நாடுகள் நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறைக்குப் படிப்படியாக மாறிவிட்டதால் அந்தத் துணிச்சலுக்கும் இடமில்லை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. கோவையிலோ சென்னையிலோ உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். ஏதென்ஸில் இறங்க விசா இருக்கிறதா என்பதுதான் விமான நிறுவனத்தின் கவலை, அது உங்களிடம் இருக்கிறது. முழு வழித்தடத்துக்கும் ஆவணம் சரியா என்று பார்ப்பது பிரேயஸ் துறைமுகத்தின் செக்-இன் மேசையில்தான். அங்கே நிறுத்திவிட்டால், உங்கள் மகளிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் அவர் கப்பல் ஏறலாம், நீங்கள் இருவரும் பெட்டியோடு வெளியே நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டும் விசாவும் பயணியின் பொறுப்பு, சரியாக இல்லாவிட்டால் ஏற்ற மாட்டோம், பணமும் திரும்பாது என்ற ஷரத்து கப்பல் கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் வழக்கமாகவே இருக்கும். அவர்களோடு வழக்காடப் போனால் பெரும்பாலும் வெளிநாட்டு நீதிமன்றம் என்றும் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியது, உங்கள் விசா விண்ணப்பப் படிவத்தின் நகலை டிராவல்ஸிடம் கேட்டு வாங்குவது. எத்தனை நுழைவு கோருகிறீர்கள் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும்: ஒன்று, இரண்டு, பல. அங்கே எதில் டிக் விழுந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் விசாவைச் சரிசெய்யும் வழியும் உங்கள் வழக்கின் பலமும் அமையும். படிவத்தோடு கப்பலின் வழித்தடம் இணைக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். ஹோட்டல், விமான டிக்கெட்டை மட்டும் வைத்துவிட்டுக் கப்பலைப் பற்றி மூச்சே விடாத விண்ணப்பங்கள் இருக்கின்றன. அப்படியானால் துருக்கி நடுவில் வருவது தூதரகத்துக்கு எப்படித் தெரியும்?

இரண்டு அல்லது பல என்று கேட்டும் ஒன்றுதான் கிடைத்தது என்றால், வழித்தடத்தோடு ஒரு கடிதம் எழுதி விசா மையம் வழியாகத் தூதரகத்தில் உடனே திருத்தம் கேளுங்கள். ஒன்று என்றே கேட்டிருந்தால் புது விண்ணப்பம்தான். கையில் இருக்கும் விசாவை வைத்திருப்பவரின் கோரிக்கையின் பேரிலேயே திரும்பப் பெற ஐரோப்பிய விசா விதிகளில் இடமுண்டு. அது விசா மறுப்பு ஆகாது, பயப்பட வேண்டாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. கடந்த 59 மாதங்களுக்குள் கைரேகை கொடுத்திருந்தால் பழைய பதிவையே எடுத்துக்கொள்ள முடியும். முடிவு சொல்ல வழக்கமான கெடு 15 நாள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளும். உங்களிடம் இருப்பது 49 நாள். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் தாமதத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வாரமே நகர்ந்தாக வேண்டும். முகப்புக் கடிதத்தில் சுற்றி வளைக்காமல் எந்தத் தேதியில் ஏதென்ஸில் நுழைகிறோம், எந்தத் தேதியில் குஷாதாசிக்கு வெளியேறுகிறோம், எந்தத் தேதியில் ரோட்ஸில் மறுபடி நுழைகிறோம் என்று எழுதி, அதனால் குறைந்தது இரண்டு நுழைவு வேண்டும் என்று கேளுங்கள்.

விசா வராது என்று தோன்றினால், முழுக்க ஷெங்கனுக்குள்ளேயே ஓடும் வேறு கப்பலுக்கு மாற்றச் சொல்லலாம். குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் இருப்பதால் டுப்ரோவ்னிக் வரை போகும் கப்பல்கள் சரிப்படும். ஆனால் அந்தப் பக்கம் போகும் பல கப்பல்கள் மாண்டிநீக்ரோவின் கோட்டோரில் நிற்கும். அது ஷெங்கன் இல்லை, அதே வம்பு திரும்ப வரும். ரத்துக் கட்டணம் பயணத் தேதி நெருங்க நெருங்க ஏறும் என்பதால், அடுத்த படி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். நீங்கள் பிடிக்க வேண்டியது உள்ளூர் டிராவல்ஸை. விசா எடுத்துத் தருவதும் பேக்கேஜில் அடக்கம் என்பதால் அது அவர்கள் காசு வாங்கிக்கொண்டு ஏற்ற சேவை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு சேவைக் குறைபாடு என்பதில் அலட்சியத்தையும், தெரிந்தே தகவலை மறைப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அவர்கள் பக்கம் இரண்டு வாதம் வரும். விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் விருப்பம் என்பார்கள். அது சரியான வாதம்தான், ஆனால் கேட்டதைத் தூதரகம் கொடுக்காத இடத்தில்தான் அது செல்லும். கேட்கும்போதே தவறாகக் கேட்டவர்களுக்கு அது கேடயம் ஆகாது. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது என்பது இரண்டாவது. இது கொஞ்சம் வலிக்கும். ஆனால் பூர்த்தி செய்தது அவர்கள், வழித்தடத்தைத் தயார் செய்தது அவர்கள், இந்தத் தொழில் தெரிந்தவர்களும் அவர்களே என்று பதில் சொல்லலாம். இரண்டு நுழைவு கேட்டும் தூதரகம் குறைத்திருந்தால் உங்கள் வழக்கு பலவீனம்தான். அப்போது உங்களுக்கு மிஞ்சுவது, நீங்கள் கேட்ட பிறகும் 'ஒன்றும் ஆகாது' என்று தவறாகச் சொன்னார்களே, அந்த ஒன்று. அதுவும் போனில் சொன்னது.

அதனால் அவர்களை எழுத வையுங்கள். இமெயிலில், சண்டை போடாமல், விசாவில் நுழைவு '01' என்று இருக்கிறது, கப்பல் நடுவில் துருக்கிக்குப் போகிறது, இன்ன தேதியில் போனில் இப்படிச் சொன்னீர்கள், இதே விசாவில் பயணம் செய்யலாம் என்று எழுத்தில் உறுதி தாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் செலவில் விசாவைச் சரிசெய்து தாருங்கள் என்று ஒரு தேதி குறித்து அனுப்புங்கள். அதே கடிதம் ஸ்பீட் போஸ்டிலும் போகட்டும். போனில் தைரியமாகப் பேசியவர்கள் எழுத்தில் அதே தைரியத்தைக் காட்டுவது அபூர்வம்.

சும்மா இருந்துவிட்டு, பிரேயஸில் தடுத்த பிறகு வழக்குப் போடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைத் தவிர்க்கப் பாதிக்கப்பட்டவரிடம் என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏழு வாரம் முன்பே தெரிந்தும் ஏன் விமானம் ஏறினீர்கள் என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

விஷயம் சுமுகமாக முடியாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல டிராவல்ஸ்காரர்கள் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட அளவே போதும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு சொல்வதால், ரசீதில் வேறு ஊர் நீதிமன்றம் என்று அச்சடித்திருந்தாலும் தயங்க வேண்டாம். 5 முதல் 10 லட்சம் வரையிலான தொகைக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றவும் வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும், அதற்கு மூலக் கருவி உங்கள் கையில் இருப்பது நல்லது.

எவ்வளவு கேட்பது? புது விசாவுக்கான கட்டணம், கப்பலை மாற்றினால் கூடுதல் செலவு, பயணமே நின்றால் திரும்பக் கிடைக்காத தொகை, நியாயமான அளவில் மன உளைச்சலுக்கு இழப்பீடு. இருபது லட்சம், முப்பது லட்சம் என்று வாய்க்கு வந்ததைப் போட்டால் ஆணையத்தில் மரியாதை குறையும். பேக்கேஜில் டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அது உங்கள் பெயரில் வருமான வரித் துறைக்குக் கட்டியது, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரவு எடுத்துக்கொள்ளலாம். அதை நஷ்டக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.