மழைக்கு வந்த மஞ்சள் மாப்பிள்ளைகள்

கேள்வி: முதல் பெருமழைக்கு மறுநாள் எங்கள் வயல் குட்டையில் பெரிய தவளைகள் எலுமிச்சை மஞ்சளில் நின்று கத்தின. விஷத் தவளையா? - வாசகி, மன்னார்குடி

பதில்: பயப்படாதீர்கள், நம்ம ஊர்ப் பெரிய தவளைதான். மஞ்சள் பூசியவை ஆண்கள். கத்தும்போது தொண்டையின் இருபுறமும் நீலப் பை உப்பும், கவனித்தீர்களா?

மழை இங்கே மணியடிக்கிற வேலையைத்தான் செய்கிறது; இனப்பெருக்கத்துக்கான சமையல் முன்பே தொடங்கிவிடும். கோடையிலேயே மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்பும். அந்தச் சுரப்பியின் ஹார்மோன்கள் விரைகளையும் சினைப்பைகளையும் இயக்கும். பெண் தவளையில் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கல்லீரலுக்கு உத்தரவிட, கல்லீரல் மஞ்சள்கருப் புரதம் தயாரித்து ரத்தம் வழியே முட்டைகளுக்கு அனுப்பும். ஆணுக்கு விரை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனால் கட்டைவிரலடியில் சொரசொரப்பான தடிப்பு வளரும், வழுக்கும் பெண்ணைப் பிடித்துக்கொள்ள.

நான் விலங்கியல் படித்த காலத்தில் தவளையை அறுத்தால் விரல் விரலாக மஞ்சள் கொழுப்பு தெரியும். அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்! இனப்பெருக்கத்துக்கான சேமிப்பு அது.

அப்புறம், ஆண்கள் பூசிய அந்த மஞ்சள் நிலைக்காது. கூட்டம் கலைந்ததும் பழைய பாசிப் பச்சைதான்.